புருவமில்லாத முடிக்காரர்

நஞ்சப்பண்ணன் இதுவரைக்கும் வாங்கின முடியையெல்லாம் ஒன்றோடு ஒன்று முடிந்து நீட்டினால், பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் கிளம்பி நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, வத்தல்மலையை மூணு சுத்து சுத்தி, மிச்சம் இருக்கிறதில் அரூர் போகிற டவுன் பஸ்ஸை டிரைவரோடு சேர்த்துக் கட்டிப் போடலாம். இது கணக்கு. நான் பத்தாவதில் கணக்கில்தான் பெயில் என்றாலும் இந்த ஒரு கணக்கில் என்னை யாரும் அசைக்க முடியாது. தர்மபுரி மாவட்டத்தில் தலை என்று ஒன்று வைத்திருக்கிற எந்தப் பொம்பளையும் அவர் தராசுக்குத் தப்பினதில்லை.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு உடம்பில் ஒரு முடி கிடையாது.

தலையில் இல்லை என்றால் சரி, ஊரில் பாதி ஆம்பளைக்கு இல்லை. இவருக்குப் புருவம் இல்லை. இமையில் இல்லை. கை காலில் இல்லை. மூக்குக்குள்ளேயும் இல்லை. ஒருநாள் எங்கள் வாசலில் அவர் தராசு பிடித்து நின்றபோது கீழே குந்தி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

"என்ன கண்ணு தேடற?" என்றார்.

"ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்குமான்னு பாத்தேங்க."

"இருந்திருந்தா நானே எடை போட்டிருப்பேன்."

சிரித்தாரா கோபித்தாரா தெரியாது. ஒரு மனுசன் முகத்தில் பாதி சேதி புருவத்தில்தான் இருக்கிறது என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். புருவம் இல்லாத முகம் எழுதாத பலகை மாதிரி. நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு பார்க்கிறீர்களோ அதுதான் அதில் தெரியும். நான் திருட்டுத்தனம் பண்ணின நாளில் பார்த்தால் போலீஸ் மாதிரி இருக்கும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தலை சீவும்போது வருகிற முடியை யாரும் வெளியே எறிய மாட்டார்கள். விரலில் சுற்றி உருண்டையாக்கி, ஜவுளிக்கடைக் கவரில் போட்டு, சுவரில் ஆணியில் மாட்டிவிடுவோம். புதன்கிழமை காலையில் நஞ்சப்பண்ணன் எக்ஸ்எல் வண்டியில் வருவார். முன்னால் எவர்சில்வர் பாத்திர மூட்டை, பின்னால் முடி மூட்டை. கவரின் வாயை நூலால் கட்டிக் கொடுத்தால் எடைக்குத் தகுந்த மாதிரி ஒரு கிண்ணமோ தட்டோ கிடைக்கும். எங்கள் வீட்டு ரசக் கரண்டி அம்மா செல்லியின் தலையிலிருந்து வந்தது. இட்லிப் பானை மூடி அக்கா பாரதியின் தலையிலிருந்து வந்தது. என் தலையிலிருந்து இதுவரைக்கும் ஒரு டீ வடிகட்டிதான் வந்திருக்கிறது. அதனால் கவரைக் கட்டிக் கொடுக்கிற வேலை மட்டும் எனக்கு. நான் இடது கைக்காரி. பூக்கட்டினாலும் முடிச்சு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு நிற்கிறது என்று அம்மா திட்டுவாள்.

வண்டியில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. அதில் ஒரு பொம்பளைக் குரல். "தலைமுடி இருந்தா கொண்டு வாங்கம்மா. சிக்குமுடி, சவுரிமுடி, உதிர்ந்த முடி எதுவா இருந்தாலும் கொண்டு வாங்கம்மா." சேலத்தில் ஏதோ கடையில் பதிவு பண்ணி விற்கிற குரல். முடி வாங்குகிற எல்லார் வண்டியிலும் அவள்தான். அதனால் சில புதன்கிழமை, நஞ்சப்பண்ணன் மேலத்தெருவில் இருக்கும்போது வேறொரு முடிக்காரர் ஏரிப்பக்கம் வந்துவிட்டால், ஒரே பொம்பளை ரெண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிடுவாள். வார்த்தை ஒன்றுதான், ஒரு மூச்சு முன்னே பின்னே. நடுவில் நிற்கிறவர்களுக்கு முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். நாய்கள் எந்தப் பக்கம் குரைக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்துவிடும்.

அந்தக் குரலைவிட அவர் பார்வைதான் பயம். இமை முடி இல்லாததால் தூசி நேராகக் கண்ணுக்குள் போகும். அதற்காகப் பாதி முகத்தை மறைக்கிற மாதிரி ஒரு கண்ணாடி. கவரைப் பிரித்து, ஒரு உருண்டையை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து முடியின் அடியைப் பார்ப்பார். அரிசி நொய்யில் நூறில் ஒரு பங்கு மாதிரி வெள்ளையாக ஒரு குமிழ் இருந்தால் அது வேரோடு தானாக உதிர்ந்தது. குமிழ் இல்லாவிட்டால் நடுவில் ஒடிந்தது. அதற்குக் காரணம் போர் தண்ணி உப்பு, இழுத்துக் கட்டுகிற ஜடை, ஈரத் தலையில் சீப்பு. தினமும் அம்பது நூறு விழத்தான் செய்யும், அதற்கெல்லாம் பயப்படக் கூடாது என்பார். திடீரென்று ஒரு வீட்டுக் கவர் கனத்துப் போனால்தான் பேச்சு மாறும்.

"மூணு மாசத்துக்கு முன்னால வூட்ல யாருக்காச்சும் பெரிய காய்ச்சல் வந்துச்சுங்களா?"

வந்திருக்கும். வெண்மதி டீச்சர் வீட்டில் அப்படித்தான் கேட்டார். டீச்சர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தது ஆடி மாசம். அவர் கேட்டது ஐப்பசியில். கீழத்தெருவில் ஒரு வீட்டில், "பொண்ணு சரியா சாப்புடறதில்லீங்களா?" என்றார். அந்தப் பெண் இளைக்க வேண்டும் என்று ரெண்டு மாசமாகச் சோற்றைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவள் அம்மா கோழியை முறைத்த முறை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முடியைப் பார்த்து நடந்ததைச் சொல்கிறவர் நடக்கப் போவதையும் சொல்லுவார் என்று ஊரில் பேச்சு. சாவு விழப் போகிற வீட்டுக் கவரை அவர் கையால் தொடமாட்டார் என்று ஒரு கதைகூட உண்டு. அந்தக் கதையைக் கிளப்பிவிட்டது நான்தான். ரெண்டு நாளில் அது ஊரைச் சுற்றி, கொஞ்சம் சதை போட்டு, என்னிடமே திரும்பி வந்தபோது நானே பயந்துபோனேன்.

அவர் கதையை அவரிடமே கேட்டு வாங்கினேன். இருபத்திநாலு வயதில் ஓசூரில் கம்பெனி வேலை. அப்போது சீப்பு உடைகிற முடியாம். சலூனில் முடி வெட்டினவர் பின்னந்தலையில் விரலை வைத்து, "என்னப்பா, இங்க ஒரு ரூபா காசளவுக்கு வழவழன்னு இருக்குது" என்றிருக்கிறார். புழுவெட்டு. கண்ணுக்குத் தெரியாத புழு ஒன்று வேரைத் தின்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

"தலையணையில காதை அமுத்தி வச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன் கண்ணு. அது மெல்லற சத்தம் கேக்குதான்னு."

"கேட்டுச்சுங்களா?"

"மொத நாளு இல்ல. மூணாவது நாளு கேக்க ஆரம்பிச்சிருச்சு."

சின்ன வெங்காயத்தை நறுக்கி ரத்தம் வருகிற வரைக்கும் தேய்த்தார். ஊமத்தை இலை அரைத்துப் போட்டு நாலு நாள் தலை வீங்கிக் கிடந்தார். பஸ் ஸ்டாண்டில், முழங்கால் வரைக்கும் முடி இருக்கிற பொம்பளை படம் போட்ட எண்ணெய் வாங்கித் தடவினார். ஒரு காசு ரெண்டு காசாச்சு, ரெண்டு நாலாச்சு, நாலும் ஒன்றாகக் கூடிவிட்டது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மா சொன்னதை இன்னும் அப்படியே சொல்லுவார்: "புழுவும் இல்ல, பூச்சியும் இல்லப்பா. உன் உடம்புக்குக் காவல் இருக்கறவங்களே உன் முடி வேரைத் திருடன்னு நெனச்சு அடிக்கிறாங்க." மண்டை பூராவும் வரிசை வரிசையாக ஊசி. நாலு மாசத்தில் ஆட்டுக்குட்டி மேல் இருக்கிற மாதிரி வெள்ளையாகப் பூனைமுடி வந்தது. நிறையப் பேருக்கு அத்தோடு நின்று கறுத்துவிடுமாம். இவருக்கு வந்தது மறுபடி போனது. போகும்போது புருவத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அந்த நிலைமையில் கல்யாணம். பெண் ராதிகா; மாமனார் முடி வியாபாரி. முடி வியாபாரி வூட்டுக்கு மொட்டை மாப்பிள்ளை என்று சிரிக்காத ஆள் இல்லை. முகூர்த்தத்துக்கு யாரோ மையால் புருவம் எழுதிவிட்டார்கள். ஹோமப் புகையில் வியர்த்து, மை கரைந்து, ரெண்டு புருவமும் கன்னத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆல்பத்தில் இருக்கிறது, நானே பார்த்தேன். ஒவ்வொரு போட்டோவிலும் புருவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வருகிறது. கடைசிப் போட்டோவில் முகத்தில் ஒன்றுமே இல்லை. தாலி கட்டும்போது ராதிகாக்கா அவரிடம் பேசின முதல் பேச்சு, "என் முந்தானையில தொடச்சுக்குங்க."

அந்த ஆல்பத்தைப் பார்த்த நாளில்தான் என் வினை ஆரம்பம்.

கிண்ணம் ஒன்று ஓட்டையாக இருந்தது, மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அம்மா அனுப்பினாள். நஞ்சப்பண்ணன் வீடு பாப்பிரெட்டிப்பட்டியில், ஒரு சந்துக்குள். முன் அறையில் தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு முடி. நடுவில் ராதிகாக்கா உட்கார்ந்து ஊசியால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் காற்று வரும்போது அந்தக் குவியல் லேசாக ஏறி இறங்கும். மூச்சு விடுகிற மாதிரியே இருக்கும். உள் அறையில், சிக்கெடுத்துச் சீவின முடியைச் சிவப்பு நூலால் கட்டி உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கதவைத் திறந்ததும் இருபது முப்பது பொம்பளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. யாரும் திரும்பவில்லை. அதுதான் என்னவோ பண்ணியது.

ஒரு கட்டு மட்டும் மருதாணிச் சிவப்பு. "இது யாரோடதுங்கக்கா?" என்றேன்.

"அதியமான்கோட்டைப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. யாரோடதுன்னு கேக்கக் கூடாது" என்றார் ராதிகாக்கா, தலையைத் தூக்காமல்.

அவர் டீ போடப் போனார். நான் அந்தச் சிவப்பில் ஒரு சின்னக் கற்றையை உருவி, கட்டியிருந்த நூலோடு பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எதற்கு என்றால், அர்ச்சுனன் மாமாவுக்கு. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், ஓசூரில் வேலை. அக்கா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பாப்பாவுக்கு அப்போது ரெண்டரை மாசம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிற மாமா, பேய் வந்தா ஆதார் கார்டு கேப்பேன் என்று வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று, அந்தக் கற்றையில் ஏழு முடிச்சுப் போட்டு அவர் தலையணைக்குள் வைத்தேன். சாயங்காலம் கம்பெனியில் ஷிப்ட் என்று போன் வந்து மாமா கிளம்பிப் போய்விட்டார். நல்ல தலையணை சும்மா கிடக்கிறதே என்று அக்கா அதில் படுத்துக்கொண்டாள்.

காலையில் அக்கா கூப்பிட்ட குரலில் அம்மா கையிலிருந்த பால் கொட்டியது. உறையிலிருந்து சிவப்பு முடி வெளியே வந்து அக்கா கழுத்தில் கிடந்தது. அம்மா எண்ணினாள். ஏழு.

அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள், ரெண்டு அடி, முடிந்திருக்கும். ஆனால் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நடுங்குகிற ஆளிடம் அது நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ரெண்டு வாரத்தில் அக்கா முடி கொட்ட ஆரம்பித்தது.

சும்மா இல்லை. சீப்பை வைத்தால் சீப்பு நிறைய. தலைக்கு ஊற்றினால் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துக்கொள்ளும். நெற்றி மேலே ரெண்டு பக்கமும் தோல் தெரிந்தது. அக்கா கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள். ஒருநாள் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "இது வளந்து என்னப் பாக்கறப்ப நான் இருப்பேனாடி?" என்றாள். பேச்சு மாற்றுவதற்கு நான் பல்லி மாதிரி கத்திக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. மருதாணித் தலைக்காரி ஒருத்தி வந்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், இப்போது கணக்காக உருவிக்கொண்டு போகிறாள். அதற்குத் தகுந்த மாதிரி இன்னொன்றும் நடந்தது. பகலில் அவ்வளவு கொட்டுகிறதே, படுத்து எழுந்தால் தலையணையில் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒன்றுகூட இல்லை. விடிந்து அக்கா கண் முழிக்கும்போது தலையணை, பாய், தரை எல்லாம் துடைத்து விட்ட மாதிரி இருக்கும். ஆணியில் தொங்குகிற கவரும் ஏறவில்லை. நஞ்சப்பண்ணன் ஒரு புதன்கிழமை கவரைத் தூக்கிப் பார்த்து, "பிள்ளை பெத்தவங்க இருக்கிற வூடு, கவரு இவ்ளோ லேசா இருக்குதே" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். எழுதாத பலகை. நான் பாத்திரம் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"கொட்டறதைக்கூட விட்டு வைக்காம பொறுக்கிக்கிட்டுப் போவுதுடி" என்றாள் அம்மா.

சித்தேரி மலை அடிவாரத்தில் மாதப்பன் என்று ஒரு பூசாரி. பேய் பிடித்திருக்கிறவளின் உச்சி முடியைக் கற்றையாகப் பிடித்து, ஆணியில் சுற்றி, புளிய மரத்தில் அடித்துவிடுவார். பிறகு தலையை வெடுக்கென்று இழுக்க வேண்டும். முடி மரத்தோடு நிற்கும், பேயும் மரத்தோடு நிற்கும். அந்த மரத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆள் உயரத்துக்கு ஆணி, ஆணிக்கு ஆணி முடி, மழையில் நனைந்து தொங்கும். வெள்ளிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. அதுவரைக்கும் பத்தியம்: பூண்டும் சோறும். கீரை கூடாது, முட்டை கூடாது. மிச்சம் இருக்கிற முடியையும் பிடித்து இழுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் அக்கா சரி என்று தலையாட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். திறந்ததும் எனக்கே ஒரு பயம் வரும். முடிச்சு நான் போட்டது. கொட்டுவது நான் செய்ததில்லையே. யாரோடதுன்னு கேக்கக் கூடாத முடியை நான்தானே வீட்டுக்குள் கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலையிலிருந்து பாப்பா அழுகை. சாதாரண அழுகை இல்லை. வீறிட்டு, மூச்சு நின்று, மறுபடி வீறிட்டு. பால் குடிக்கவில்லை. வசம்பு உரசி வைத்தார்கள், ஓம வாட்டர் கொடுத்தார்கள், திருநீறு போட்டார்கள். "புள்ளை மேல கை வச்சுட்டா" என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் அந்தப் பொம்பளைக் குரல் வந்தது. உதிர்ந்த முடி எதுவா இருந்தாலும் கொண்டு வாங்கம்மா. அக்கா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

வண்டி எங்கள் வாசலில் நின்றது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நஞ்சப்பண்ணன் அழுகையைக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"எத்தனை நேரமா அழுவுதுங்க?"

"வெடிஞ்சதுலேர்ந்துங்க."

"காலைக் காட்டுங்க."

பாப்பா காலில் கம்பளி சாக்ஸ். குளிர் என்று விடிகாலையில் அதை மாட்டிவிடுகிறது என் வேலை. அவர் அதை உருவினார். இடது காலில் ரெண்டாவது விரல் நாவல்பழம் மாதிரி கறுத்து உருண்டு நின்றது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். விரலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எதுவோ இறுக்கிக் கட்டியிருந்தது. தோலில் பள்ளம் மட்டும் தெரிகிறது, கட்டினது தெரியவில்லை.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"முடிங்க" என்றார். "பிள்ளை பெத்தவங்களுக்குக் கொட்டற காலம் இது. சாக்ஸுக்குள்ள ஒண்ணு போயிருச்சுன்னா, புள்ள காலை ஆட்ட ஆட்ட விரல்ல சுத்திக்கும். இறுக்கிக்கிட்டே போவும்." சிக்கெடுக்கிற ஊசியால் ஒன்றைத் தூக்கி அறுத்தார். இன்னொன்று. மூன்றாவது சதைக்குள் இறங்கியிருந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "இது என் கையில ஆவாது. ஆஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

ரெண்டு மூட்டையையும் எங்கள் வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு, அக்காவையும் பாப்பாவையும் எக்ஸ்எல்லில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் அம்மாவும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனோம். நாங்கள் போய்ச் சேரும்போது டாக்டர் முடியை அறுத்து எடுத்துவிட்டிருந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. விரல் கறுப்பிலிருந்து சிவப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அக்கா தலையையும் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து தரையில் கிடக்கிறது என்று மாத்திரை எழுதினார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உதிர வேண்டிய முடி உதிராமல் நிற்குமாம். பெற்ற பிறகு மூணாவது நாலாவது மாசத்தில் நின்றதெல்லாம் சேர்ந்து இறங்குமாம். "எல்லாருக்கும் நடக்கறதும்மா. கீரை, முட்டை, பயறு எல்லாம் சாப்பிடணும். யாரு பத்தியம்னு சொன்னது? கொஞ்ச மாசத்துல அடங்கிரும். புள்ளைக்கு ஒரு வயசு ஆவறப்ப உங்க முடியும் பழையபடி ஆயிரும்." யாரு சொன்னது என்றபோது அம்மா சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் படிக்க ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

வீட்டுக்கு வந்தோம். நஞ்சப்பண்ணன் மூட்டையைத் தூக்கப் போனார். அம்மா விடவில்லை.

"எல்லாம் சரிங்க. முடி கொட்டறதுக்குக் காரணம் சொல்லிட்டாங்க. முடிச்சுக்கு?" மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த அந்தச் சிவப்புக் கற்றையைக் கொண்டு வந்து வைத்தாள். "அப்புறம், கொட்டற முடி வெடிஞ்சா காணாமப் போவுதே, அதுக்கு? இது ரெண்டுக்கும் காரணம் தெரியற வரைக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். நான் புள்ளையைப் பெத்தவளுங்க."

அக்கா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் கை உச்சந்தலைக்குப் போனது.

நஞ்சப்பண்ணன் கற்றையைக் கையில் எடுத்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிவப்பு நூலைப் பார்த்தார். பிறகு முடிச்சு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார், ஏழையும்.

"இது எங்க வூட்டு முடிங்க. நூலு எங்க வூட்ல கட்டறது. மூட்டையிலேர்ந்து நழுவி உங்க வூட்டுக்குள்ள வந்திருக்கு. தப்பு என் பேர்லதான்."

"முடிச்சு?"

"தரம் பிரிக்கறதுக்கு நாங்களே போடறதுங்க."

அம்மா நம்பினாள். அந்த முகத்தில் பொய் இருந்தாலும் தெரியாதே. அவர் கற்றையைப் பைக்குள் போட்டுக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ரெண்டு வருசமா உங்க வூட்டுக் கவரை அவுக்கறேன். இடது கை முடிச்சு."

அம்மாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"அப்ப காணாமப் போறது?" என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் எப்போதும் போட்டுக்கொண்டிருக்கிற அப்பாவின் பழைய சட்டையைப் பார்த்தார். பார்வை கழுத்திலிருந்து கீழே வந்து, இடது பக்கப் பையில் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். பையின் ஓரத்தில் ஒரு முடி, ஒரு முழ நீளம், வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு" என்றார். "பையைத் திருப்பிக் காட்டு."

"ஒண்ணும் இல்லீங்க."

"காலையில புள்ளைக்கு சாக்ஸ் மாட்டினது யாரு?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அன்றைக்கு விடிகாலையில் தலையணையிலும் ஆணிக் கவரிலும் பொறுக்கினது, எலுமிச்சம்பழம் அளவு உருண்டை, அக்கா காலடியில் விழுந்தது. கூடவே நேற்றையது. அதற்கு முந்தின நாளையது. கொட்டினதைப் பார்த்து அக்கா பயப்படக் கூடாது என்றுதான் அவள் முழிக்கும் முன்னே பொறுக்கினேன். எரித்துவிடலாம் என்றால் வாசனை வரும், கவரில் போட்டால் அக்கா கண்ணில் படும், அதனால் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தக் கையோடுதான் தினமும் சாக்ஸ் மாட்டினேன்.

நஞ்சப்பண்ணன் ஒரு உருண்டையை எடுத்துப் பிரித்து, கண்ணாடி வைத்து, வேரைப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"உங்க பெரிய பொண்ணு முடிதாங்க. பேயி இதுதான்." அம்மாவிடம் சொல்லிவிட்டு என் தலையை ஒரு தடவை, வியாபாரி பார்க்கிற மாதிரி, பார்த்தார். "வெள்ளிக்கிழமை போறதா இருந்தா இதைக் கூட்டிக்கிட்டுப் போங்க. உச்சி முடி நல்லா அடர்த்தியா இருக்குது. ஆணி நிக்கும்."

சிரித்தாரா கோபித்தாரா, இந்தத் தடவையும் தெரியவில்லை. என் சட்டைப் பை மட்டும் நாக்கை வெளியே தள்ளின மாதிரி தொங்கிக்கொண்டு நின்றது.